சைக்கிளைச் சுமந்து ஒரு கணவாய்

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை மலைச் சைக்கிளில் கடப்பவர்களைப் பற்றி இந்த இதழில் ஒரு பயணக் கட்டுரை வருகிறது. அச்சுக்கு அனுப்பிய பிறகும் அந்தப் பாதையை என்னால் மறக்க முடியவில்லை.

ஆயிரம் மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருக்கும் பெசிசஹாரில் புறப்பட்டு, 5,416 மீட்டர் உயரத்திலிருக்கும் தோரோங் கணவாயைத் தாண்ட வேண்டும். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். கணவாயின் அடிவாரத்திலுள்ள தோரோங் பேடிக்கு மேலே பெரும்பாலும் மிதிக்க முடியாது. தள்ள வேண்டும், செங்குத்தில் முதுகில் கட்டிச் சுமக்க வேண்டும். விடியுமுன்பே கிளம்பினால்தான் காற்று வலுக்குமுன் கணவாயைக் கடக்கலாம்.

காலில் வலுவுள்ளவர்களுக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம் என்று தோன்றுகிறது. வழியிலுள்ள மனாங் வரை ஜீப் சாலை வந்துவிட்டதால் அவர்கள் மளமளவென்று ஏறிவிடுகிறார்கள்; உயரத்துக்குப் பழகுவதில் உடல் பின்தங்கிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலியும் குமட்டலும் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும்; குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். வானிலை மோசமானாலும் அப்படித்தான். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் இந்த மலைகளில் பனியாகக் கொட்டியது. கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். திரும்பிவர மனம் இல்லாதவர்கள் இந்தப் பாதைக்குப் போகவே வேண்டாம்.

மறுபக்கம் இறக்கம்: ஒரே மூச்சில் சுமார் 1,600 மீட்டர். சரளைக்கல், கூர்வளைவுகள். இருக்கையைத் தாழ்த்தி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். அழுத்தியே வைத்திருந்தால் டிஸ்க் கொதித்துப் பிடி தளரும். கீழே, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திருத்தலமாக வைணவர்கள் போற்றும் முக்திநாத்.

அந்தக் கோயிலுக்குச் செல்லும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்குள்ள 108 நீர்த்தாரைகளில் நனைந்து வெளியே வரும்போது, புழுதி படிந்த முகத்தோடு யாராவது சைக்கிளில் இறங்கி வந்தால், கூப்பிட்டு உட்காரவைத்துச் சூடாக ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். காளிகண்டகிப் பள்ளத்தாக்கின் எதிர்காற்றில் ஜோம்சோம் வரை அவர்கள் இன்னும் மிதிக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்