எந்த ஆபீஸ் தம்பி?

சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவரைப் பார்த்தால் வழக்கறிஞர்கள் மதிப்பெண் கேட்பதில்லை. "எந்த ஆபீஸ் தம்பி?" என்றுதான் கேட்கிறார்கள். அப்பாவோ மாமாவோ கறுப்பு கவுன் மாட்டிய வீட்டுப் பிள்ளைக்குப் பதில் முன்பே தயார். தருமபுரியிலோ ராமநாதபுரத்திலோ அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பட்டம் வாங்கிய பிறகும் பதில் கிடைப்பதில்லை.

இந்தக் குறையை ஒருகாலத்தில் சென்னையில் இடமே ஓரளவு தீர்த்துவைத்தது. 1891இல் தொடங்கிய சட்டக் கல்லூரி, பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டியே நூறாண்டுக்கு மேல் இயங்கியது. வகுப்பு முடிந்ததும் கோர்ட் ஹாலில் போய் நின்று வாதம் கேட்கலாம். மாலையில் தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ ஏதாவதொரு ஆபீஸில் கேஸ் கட்டுகளைப் பிரித்து அடுக்கலாம். மனுவை எங்கே தாக்கல் செய்வது, குறை சொல்லித் திருப்பினால் என்ன செய்வது என்பதையெல்லாம் குமாஸ்தாவிடம் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத படிப்பு அது.

2008 நவம்பரில் அந்த வளாகத்தில் நடந்த மாணவர் மோதலை விசாரித்த நீதிபதி பி. சண்முகம் ஆணையம், கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் கல்லூரி பிரிந்துபோனது. நீதிமன்றம் தூரமாகிவிடும் என்று மாணவர்கள் போராடினார்கள். அதை வெறும் கட்டடப் பாசம் என்று தள்ளியது தவறு. அவர்கள் இழந்தது பாரிமுனையை அல்ல, சீனியர்களின் வாசலை.

பழைய மாணவர்கள் இறங்கவேண்டிய இடம் இதுதான். அவர்களில் சாதித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பவானி அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்த பி. சதாசிவம் 2013இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே.வி. விஸ்வநாதன் டெல்லிக்குப் போய் சி.எஸ். வைத்தியநாதனிடமும் பிறகு கே.கே. வேணுகோபாலிடமும் ஜூனியராக இருந்தவர். இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி. சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே. சந்துருவுக்குத் தொழில் பழகக் கிடைத்தது, ஏழைகளின் வழக்குகளுக்குப் பெயர்பெற்ற ராவ் அண்ட் ரெட்டி அலுவலகம். ஆண்டுவிழா மேடைகளில் இப்படிப்பட்ட பெயர்கள் முழங்கும், பொன்னாடை விழும். அவர்களுக்கு முதல் நாற்காலி கொடுத்தவர் யார் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. மாணவருக்குப் பயன்படும் செய்தி அதுதான்.

விதிகளில் குறையில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி கட்டாயம் என்கின்றன. மாணவரை ஏற்க முன்வரும், பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்களின் பட்டியலை மாவட்டவாரியாகத் தயாரிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அப்படியொரு பட்டியலைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று எந்த வகுப்பிலாவது கேட்டுப் பார்க்கலாம். ஆள் கிடைக்காத மாணவர், தெரிந்தவர் ஒருவரிடம் சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடிக்கிறார்.

சீனியரின் கையெழுத்துக்கு இப்போது விலை இன்னும் கூடிவிட்டது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவச் சான்று தரத் தகுதியானவர்களில் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரும் ஒருவர். படிப்பு முடிந்ததும் தேர்வு எழுதி நீதிபதியாகிவிடலாம் என்றிருந்த கிராமத்துப் பெண்ணும் இனி முதலில் ஒரு ஆபீஸ் தேடியாக வேண்டும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. அங்கே வேலைவாய்ப்புக் குழுக்கள் உண்டு. பெரிய சட்ட நிறுவனங்களில் மூத்த மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கே வரமுடியாதவர்களுக்காகச் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் 'ஐடியா' அமைப்பைத் தொடங்கினார். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்ததோடு அது விட்டுவிடவில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகும் வழிகாட்ட ஆள் வைத்தது. உள்ளே போன பிறகுதான் தனிமை தொடங்குகிறது என்பதைப் பஷீர் அறிந்திருந்தார்.

பழைய மாணவர்கள் ஆபீஸ் தேடித்தருவது சிபாரிசுக் கலாசாரம்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சிபாரிசு இன்றும் நடக்கிறது. சொந்தம், ஊர், சாதி என்ற வழிகளில் சத்தமில்லாமல் நடக்கிறது. பழைய மாணவர் சங்கம், மாணவரை ஏற்க முன்வரும் வழக்கறிஞர்களின் பெயர்ப்பட்டியலைக் கல்லூரிப் பலகையில் ஒட்டி, எந்த மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னால் அந்த ரகசியம் உடையும். சங்கங்களும் அதே சாதிக் கூடாரமாகிவிடும் ஆபத்து உண்டு என்பதால், யாருக்கு யார் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது நல்லது.

பணத்தையும் பேசவேண்டும். ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், பிற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பயிற்சிக்கு வரும் மாணவருக்கு அந்தத் தொகை பொருந்தாது. ஆனால் பட்டரைப்பெரும்புதூரிலிருந்து பாரிமுனை வந்துபோகும் செலவையும் மதியச் சாப்பாட்டையும் யாராவது ஏற்கவேண்டும். பொன்னாடைச் செலவை நிறுத்தினாலே சில பேருக்குத் தேறும்.

மாணவரைப் பயிற்சிக்கு எப்போது அனுப்புவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடை விடுமுறையில் மாணவர் ஓய்வாக இருப்பார். அதே மே மாதத்தில் உயர் நீதிமன்றமும் விடுமுறையில் இருக்கும், விடுமுறைக் கால அமர்வுகள் மட்டுமே நடக்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் இயங்கும். அதனால் உயர் நீதிமன்றப் பிரபலங்களைவிட, தாலுகாவில் ஜாமீன் மனு போடும் பழைய மாணவர்தான் மே மாதத்தில் ஒரு மாணவருக்கு அதிகம் சொல்லித்தர முடியும். சங்கங்கள் முதலில் தேடவேண்டியது அவர்களை.