கேட்கப் போவோரும் கேளாதிருப்போரும்

காண்பதற்கு யாத்திரை போவாரை நாம் அறிவோம். கேட்பதற்கென்றே யாத்திரை போவாரும் உலகில் உளர். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து நாட்டிலே, இனாரிப் பகுதியைச் சார்ந்த லெம்மென்யோக்கி, ஐக்கினியெமி என்னும் இடங்களுக்கு வானொலி அன்பர் சிலர் குளிர்காலத்தில் செல்வது வழக்கம். அவர்கள் காட்டிடையேயுள்ள சிறு குடிலில் தங்கி, பனி மூடிய மரங்களினூடே நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுள்ள கம்பிகளை இழுத்துக் கட்டுவர். பின்னர் வட அமெரிக்காவிலும் யப்பானிலும் பசிபிக் தீவுகளிலுமுள்ள நிலையங்களின் குரலை இரவெல்லாம் தேடுவர்.

இவ்வளவு தொலை போவானேன்? மத்திய அலை பகலில் நெடுந்தொலை செல்லாது. ஞாயிற்றின் கதிரால் வானத்தில் உண்டாகும் மின்படைகளுள் தாழ்ந்தது அவ்வலையை விழுங்கிவிடும். இரவில் அப்படை மறைய, மேலுள்ள படையிற் பட்டுத் திரும்பி, அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் செல்லும். இனாரியிலோ டிசம்பர்த் தொடக்கம் முதல் ஜனவரி முற்பகுதிவரை ஞாயிறு எழுவதேயில்லை. இரவு நீள, கேட்கும் காலமும் நீள்கின்றது. மேலும், நகரங்களில் மின்கருவிகள் எழுப்பும் இரைச்சல் மெல்லிய அலைகளை அமிழ்த்திவிடும். காட்டிலே அவ்விடர் இல்லை. ஆகவே இருளையும் அமைதியையும் நாடியே அவர்கள் போகின்றனர். கேட்டதை நேரம், அலை எண், நிலையம் எனக் குறித்துவைத்து, அந்நிலையத்துக்கு எழுதி உறுதிமடலும் பெறுகின்றனர்.

இதனை வீண் முயற்சி என்று நகைப்பார் சிலர் இருக்கலாம். ஆயின் தொலைக்குரல் கேட்டல் நமக்கும் புதிதன்று. இலங்கை வானொலியின் தமிழொலி கடல் கடந்து தமிழகத்து வீடுகளிலே ஒலித்தது. 1952இல் தொடங்கிய பினாகா கீத்மாலா என்னும் இந்திப் பாட்டு நிகழ்ச்சியின் பொருட்டு, வட இந்தியரும் கொழும்பின் சிற்றலையைத் தேடினர். வானொலிப் பெட்டியின் திருகியை மெல்லத் திருப்பி, இரைச்சலினின்றும் குரலைப் பிரித்தறியும் செவி நம் பெற்றோர்க்கு இருந்தது. அச்செவியை நாம் இழந்துவருகின்றோமோ என்பதே என் ஐயம்.

இவ்வையம் எழுந்தது வகுப்பறையிலேதான். ‘மீன்பாடும் தேனாடு’ என மட்டக்களப்பின் பெருமையை யான் வாய்குளிர எடுத்துரைத்துக்கொண்டிருந்த ஒருநாள், மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?” என்று வினவினாள். சிறுவனாயிருந்தபோது தந்தையாருடன் தோணியிற் சென்று ஒருமுறை கேட்டேன். அதன்பின் நாற்பது ஆண்டுகளாக வாவிக்கரையிலேயே வாழ்ந்தும் கேட்க முயலவில்லை. அதைச் சொல்ல நாணினேன், எனினும் சொன்னேன்.

நம் முன்னோர் கேட்டனர். வெளிநாட்டாரும் வந்து கேட்டனர். இலங்கைக் குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து 1848இல் இரவிலே தோணியிற் சென்று, வாவியின் அடியிலிருந்து எழும் ஒலியைக் கேட்டார். தோணியின் மரத்திற் செவி பொருத்தியபோது அது மிகுந்து கேட்டதென்றும், மாரி வெள்ளம் வந்தால் அடங்கிவிடும் என்றும், மீனவர் அதனை ஊரியின் ஒலி என்றனர் என்றும் எழுதிவைத்தார். 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே விபுலாநந்த அடிகள் அவ்விசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பித்தார். 1954இல் லாங் என்னும் அமெரிக்க இயேசுசபைத் துறவி அதனை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனைப் பரப்பிற்று. வாவியின் குரல் வானொலியேறித் தொலைநாடு சென்ற காலம் அது!

இன்று நிலைமை வேறு. கல்லடியிலே 1924இல் அமைந்த பழைய பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் எழுந்தது. போக்குவரத்து பெருகியது நன்றே. ஆனால் வண்டிகளின் உறுமலும், இயந்திரப் படகுகளின் ஓசையும், நள்ளிரவிலும் ஓயாத ஒலிபெருக்கிகளும் வாவியின்மேற் கவிந்துள்ளன. எவ்விடத்தில், எப்பருவத்தில், எந்நாழிகையிற் கேட்கும் என்றறிந்த முதிய மீனவரும் அருகிவருகின்றனர்.

“ஒலிப்பதிவு இருக்கின்றதே, அது போதாதா?” எனலாம். போதாது. பதிவு அன்று ஒலித்ததைக் கூறுமேயன்றி, இன்று ஒலிக்கின்றதா என்பதைக் கூறாது. பாடுவது மீனா, ஊரியா என்னும் வினாவும் பெரும்பாலார்க்கு இன்னும் தீரவில்லை. கேட்பார் இல்லையாயின், அவ்வொலி ஒருநாள் நின்றுபோனாலும் நின்றதை அறிவாரும் இல்லையாவர். பெயரை மட்டும் பாடிக்கொண்டிருப்போம்.

ஆகவே வாவிக்கரைப் பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை முதல் புரட்டாதி வரை, பூரணை இரவுதோறும், மாணவர் சிலரை முதிய மீனவர் ஒருவருடன் துடுப்புத் தோணியில் அழைத்துச் செல்க. துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் மறுமுனையிற் செவி வைத்துக் கேட்கச் செய்க. நாள், இடம், நேரம், நீரின் நிலை, ஒலியின் தன்மை ஆகியவற்றை அவர்கள் ஏட்டிற் குறிக்கட்டும். ஒன்றுமே கேட்கவில்லையாயின் அதனையும் குறிக்கட்டும். பத்தாண்டு தொடர்ந்தால் அவ்வேடு எவரும் மறுக்கவொண்ணாத சான்றாகும். கரையிலுள்ளோர் அவ்விரவில் ஒரு மணிநேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி உதவுவாராக.

கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களையடுத்துக் கேள்வியை வைத்தார் வள்ளுவர். சான்றோர் சொற் கேட்டலே அங்குக் கருத்தாயினும், வாய்மூடிச் செவிதிறக்கும் பயிற்சியின்றி அக்கேள்வியும் கைகூடாது. பின்லாந்து அன்பர் அதற்காகப் பனிக்காடு புகுகின்றனர். நமக்கு வாவி வாயிலிலேயே இருக்கின்றது. வருகின்ற பூரணைக்கு, என்னை வினவிய அம்மாணவியின் வகுப்பாருடன் யானும் தோணியேறுவதாக இருக்கின்றேன்.