மணிக்கட்டில் இன்னுமொரு தொலைபேசி எதற்கு?

அண்மைக்காலமாக எமது குடும்பங்களின் கொண்டாட்டங்களில் ஒரு புதிய வழக்கம் தலைகாட்டியுள்ளது. பூப்புனித நீராட்டு விழாவானாலும், அறுபதாவது பிறந்தநாளானாலும், பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்த மகிழ்ச்சியானாலும், பரிசுப் பொதிக்குள் இருப்பது பல வேளைகளில் ‘ஸ்மார்ட் வோச்’ எனப்படும் திறன்கடிகாரமாகவே இருக்கின்றது. ஒருகாலத்தில் மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவரின் கையில் மின்னிய சீக்கோ மணிக்கூட்டுக்கு ஊரில் எவ்வளவு மதிப்பிருந்ததோ, அந்த மதிப்பு இன்று இதற்கு வந்து சேர்ந்துள்ளது. ஒரு வேறுபாடு உண்டு. அந்த மணிக்கூடு இருபது ஆண்டுகள் ஓடியது. தகப்பன் கழற்றி மகனின் கையில் கட்டிவிட்டார். இந்தக் கடிகாரமோ இரவில் மின்னேற்ற மறந்தால் மறுநாள் மாலை நேரத்தைக்கூடச் சொல்லாது.

கைத்தொலைபேசி ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் ஒருவருக்கு இது உண்மையிலேயே தேவையா என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி. ஆடம்பரம் கூடாதென்று உபதேசம் செய்வது எமது நோக்கமன்று. பாடுபட்டு உழைத்த காசில் விரும்பியதை வாங்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆயினும் ஒரு பொருள் ஆசையின் பெயரால் அன்றி, ஆரோக்கியத்தின் பெயராலும் பாதுகாப்பின் பெயராலும் விற்கப்படும்போது, சீட்டுக்காசும் வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் ஒரே சம்பளத்திலிருந்து பிரியும் எமது குடும்பங்கள் சற்று நின்று கணக்குப் பார்த்தேயாக வேண்டும்.

முதலில் இக்கருவி எத்தகையது என்பதைப் பார்ப்போம். 2015 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் தனது கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அது ஐபோனின் துணைக்கருவியாகவே வந்தது. இன்றும் ஐபோன் ஒன்று இல்லாமல் அதனை இயக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டுக் கடிகாரத்திலேயே பேச வேண்டுமானால் அதற்கென வேறு வகைக் கடிகாரம் வாங்க வேண்டும். மாதக் கட்டணமும் தனியே செலுத்த வேண்டும். செய்தி வருவதைக் காட்டுவது, அழைப்பை அறிவிப்பது, வழி சொல்வது, காலடிகளை எண்ணுவது ஆகிய அனைத்தும் தொலைபேசி ஏற்கெனவே செய்துவரும் வேலைகளே. சட்டைப்பைக்குள் கைவிடும் சிரமம் மட்டுமே மிச்சமாகின்றது.

விற்ற நிறுவனம் தன் சேவையை நடத்தும்வரைதான் இவற்றுக்கு முழு ஆயுள் என்பதும் கவனிக்கத்தக்கது. பெபிள் என்ற கடிகாரத்துக்கு 2012ஆம் ஆண்டு பொதுமக்கள் முன்கூட்டியே செலுத்திய தொகை ஒரு கோடி டொலரைத் தாண்டியது. 2016 டிசம்பரில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 2018 யூனில் அதன் இணையச் சேவைகளும் நின்றுபோயின. தன்னார்வலர் சிலர் ஒன்றுகூடி அச்சேவைகளில் ஒரு பகுதியை மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

எமது மக்களின் தொழில் வாழ்க்கையோடு இதனைப் பொருத்திப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஐரோப்பிய நாடுகளில் எம்மவரில் பெருந்தொகையினர் உணவகச் சமையலறைகளிலும், மருத்துவமனைகளிலும், முதியோர் இல்லங்களிலும் பணிபுரிகின்றனர். உணவைக் கையாளும்போது கடிகாரமும் நகைகளும் அணியலாகாது என்பது சமையலறைகளின் பொதுவான சுகாதார நடைமுறை. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நோயாளரைப் பராமரிப்போரின் முழங்கைக்குக் கீழ் எதுவும் இருத்தலாகாது என்ற விதி 2007இல் அறிவிக்கப்பட்டது. யேர்மனியிலும் மருத்துவ, பராமரிப்புப் பணிகளில் கைகளிலும் முன்கைகளிலும் கடிகாரம் அணிவது விலக்கப்பட்டுள்ளது. ஆக, மணிக்கட்டை விட்டு நீங்காதிருந்தால்தான் பயன் என்று விற்கப்படும் பொருள், வேலை நேரம் முழுவதும் அலுமாரிப் பெட்டிக்குள் கிடக்கும். இரவு மின்னேற்றியில் கிடக்கும். இடையில் தொடருந்தில் போகும் நேரத்துக்காகச் சில நூறு யூரோக்கள்!

காலடிக் கணக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நாளுக்குப் பத்தாயிரம் அடிகள் நடக்காவிட்டால் உடல் கெட்டுவிடும் என்று எமது தாய்மார் சிலர் இரவு பதினொரு மணிக்கு வரவேற்பறையைச் சுற்றி நடக்கின்றனர். இந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவிக்குச் சூட்டப்பட்ட பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்ற பொருளுடையது. அமெரிக்காவில் ஏறக்குறைய 17,000 முதிய பெண்களை வைத்து நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு ஏறத்தாழ 7,500 அடிகள் வரைதான் இறப்பு ஆபத்துக் குறைந்துகொண்டு சென்றது. அதற்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நடப்பது நன்று. அதை எண்ணுவதற்கு இரண்டு கருவிகள் வேண்டியதில்லை.

பிள்ளைகளின் கையில் கட்டப்படும் கடிகாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. இரண்டு வேலை செய்யும் பெற்றோருக்குப் பிள்ளை பாடசாலையிலிருந்து வீடு சேர்ந்துவிட்டதா என்ற ஏக்கம் இயல்பானது. இந்த ஏக்கத்தைத்தான் விற்பனையாளர்கள் நன்கு அறிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால், 2017 ஒக்டோபரில் நோர்வேயின் நுகர்வோர் மன்றம் சிறுவர் கடிகாரங்கள் சிலவற்றைச் சோதித்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளை நிற்கும் இடத்தைக் கண்காணிக்கவும், இடத்தை மாற்றிக் காட்டவும், பிள்ளையுடன் தொடர்புகொள்ளவும் கூடிய ஓட்டைகள் அவற்றுட் சிலவற்றில் இருந்தன. அடுத்த மாதமே யேர்மனியின் தொலைத்தொடர்புக் கண்காணிப்பு அமைப்பு, சுற்றியிருப்போரின் பேச்சை இரகசியமாகக் கேட்கக்கூடிய சிறுவர் கடிகாரங்களைத் தடைசெய்தது. வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைச் சில பெற்றோர் வீட்டிலிருந்தே ஒட்டுக்கேட்டனர் என்பதும் அப்போது வெளிவந்தது. வாங்கியவர்கள் அவற்றைத் தாமே அழித்து, அழித்ததற்கான ஆதாரத்தை வைத்திருக்குமாறு கேட்கப்பட்டார்கள். பிரான்சில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பப் பாடசாலைகளிலும் கொலேஜ்களிலும் கைத்தொலைபேசியை மட்டுமன்றி ஏனைய தொடர்புக் கருவிகளின் பாவனையையும் தடுக்கின்றது. தெருவில் யார் நிற்கிறார்கள், எவர் பின்தொடர்கிறார்கள் என்ற அச்சத்தோடு ஒரு தேசத்தை விட்டு வெளியேறிய நாம், எமது பிள்ளை போகுமிடமெல்லாம் பதிந்து எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பும் பொருளை இத்தனை எளிதாக ஏற்றுக்கொள்வது வியப்பாக இருக்கின்றது.

இனி இதயம். இக்கடிகாரங்களுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுவே என்பதை மறுப்பதற்கில்லை. 2018 முதல் அப்பிள் கடிகாரம் இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தை மின்வரைவாகப் பதியக்கூடியதாயிற்று. அந்நிறுவனத்தின் நிதியுடன் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 4,19,297 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் துடிப்பு ஒழுங்கற்றுள்ளதாக எச்சரிக்கை பெற்றோர் 2,161 பேர், அதாவது நூற்றுக்கு அரை வீதம் அளவினரே. பின்னர் நெஞ்சில் ஒட்டும் பதிவுக்கருவியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு அந்தக் கோளாறு இருப்பது உறுதியாயிற்று. துடிப்புக் கோளாறு உள்ளதென்று ஐயமிருப்பவருக்கு, வைத்தியரின் ஆலோசனையுடன், இது உதவக்கூடும். ஆனால் மாரடைப்பை இக்கடிகாரத்தால் கண்டறிய முடியாது. இதை நாம் சொல்லவில்லை. தயாரித்த நிறுவனமே சொல்கின்றது. நெஞ்சு இறுகி வியர்க்கும்போது கடிகாரம் பச்சை காட்டுகின்றதே என்று ஒருவர் படுத்திருந்தால், அன்று அந்தக் கடிகாரம் அவருக்குச் செய்தது தீங்கே. அந்த வேளையில் செய்ய வேண்டியது 112ஐ அழைப்பது. 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கு வரும் திறன்பேசிகள், அவ்வாறு அழைக்கும்போது அழைப்பவர் நிற்கும் இடத்தைத் தாமாகவே தெரியப்படுத்த வேண்டும் என்பது விதி. கடிகாரம் அதற்கும் தேவையில்லை.

எம்மை உண்மையில் எழுதத் தூண்டியது வேறொன்று. அது நீரிழிவு.

எமது சமூகத்தில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்நோய் ஐரோப்பியரைவிட அதிகமாகவும் இளம் வயதிலேயும் வருகின்றது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. இதை அறிந்துதானோ என்னவோ, இணையச் சந்தைகளில் முப்பது, நாற்பது யூரோவுக்கு ‘ஊசியின்றி இரத்தச் சீனி பார்க்கும்’ கடிகாரங்கள் குவிந்து கிடக்கின்றன. நாம் அறிந்த தாயார் ஒருவர், “இனி விரலைக் குத்தத் தேவையில்லையாம், பிள்ளை வாங்கித் தந்தது” என்று பெருமையோடு கையை நீட்டிக் காட்டினார். பிள்ளையின் பாசத்தில் குறையில்லை. கடிகாரம் காட்டும் எண்ணில்தான் குறை.

2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கை மிகத் தெளிவானது. தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சீனியை அளக்கும் எந்தவொரு கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்றும், எந்த நிறுவனத்தின் பெயரில் வந்தாலும் அத்தகையவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அது அறிவித்தது. காரணம் எளிது. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் உள்ள விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகின்றது. நாடியின் ஒவ்வொரு அடிக்கும் இரத்தம் கூடிக் குறைவதைத் திரும்பிவரும் ஒளி காட்டுகின்றது. நாடியை எண்ண இது போதும். இரத்தத்தில் கரைந்துள்ள சீனியின் அளவை இதிலிருந்து நம்பத்தகுந்த முறையில் பெறுவதற்கு எவராலும் இன்னும் இயலவில்லை. பிழையான எண்ணை நம்பி இன்சுலினைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டால், சில மணித்தியாலங்களுக்குள் மயக்கமும், உயிராபத்தும் நேரலாம். ஒளியால் அளக்கும் கருவிகளை அளவுக்கு மீறி நம்பாதிருக்க எமக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. வைத்தியசாலைகளில் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானிகளே கறுப்பினத்தவரிடம் ஆபத்தான குறைபாட்டை வெள்ளையரிடம் தவறவிடுவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டன என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

விரல் குத்தும் வேதனை உண்மையானது; அதைத் தவிர்க்க விரும்புவதும் நியாயமானது. அதற்கு வழி உண்டு. மேற்கையில் ஒட்டி, மயிரளவு இழையைத் தோலுக்குள் செலுத்தித் தொடர்ந்து அளக்கும் உணரி வைத்தியரால் எழுதித்தரப்படுகின்றது. யேர்மனியில், தீவிர இன்சுலின் சிகிச்சை பெறுவோருக்கு இவ்வகை அளவீட்டைச் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி ஏற்கும் என 2016இலேயே முடிவானது. அது காட்டும் எண்ணைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஆகவே வீட்டில் எவராவது மலிவுக் கடிகாரத்தைப் பார்த்துச் சீனி மருந்தை மாற்றிக்கொள்வாராயின், அதை இன்றே நிறுத்தி வைத்தியருடன் கதைக்கும்படி எமது வாசகர்களை வினயமாகக் கேட்டுக்கொள்கின்றோம்.

அப்படியானால் எவருக்குமே இது வேண்டாமா? ஒரு சாராருக்கு வேண்டலாம். 1980களிலும் 1990களிலும் இங்கு வந்து சேர்ந்த தலைமுறை இன்று முதுமையை எட்டியுள்ளது. துணையை இழந்து, பிள்ளைகள் வேறு நகரங்களில் வாழ, தனித்திருக்கும் அம்மாமாரும் ஐயாமாரும் பெருகி வருகின்றனர். குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கு வரவேற்பறையில் கிடக்கும் தொலைபேசியால் ஆவதொன்றுமில்லை. கடுமையாக விழுந்து ஒரு நிமிடமளவு அசையாதிருந்தால் தானாகவே அவசர சேவையை அழைத்து, பிள்ளைகளுக்கும் செய்தி அனுப்பும் வசதி சில கடிகாரங்களில் உள்ளது. இது மெய்யான பயன். அதற்கும் நிபந்தனைகள் உண்டு: கடிகாரம் கையில் இருக்க வேண்டும், மின்னேற்றப்பட்டிருக்க வேண்டும், தொலைபேசியோடோ வலையமைப்போடோ தொடர்பில் இருக்க வேண்டும். எழுபத்தைந்து வயதில், தெரியாத மொழியில் வரும் அறிவித்தல்களுக்கிடையே இம்மூன்றையும் நாள்தோறும் கவனிக்கக்கூடிய முதியவருக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

அது இயலாத முதியவருக்கு யேர்மனியில் ‘ஹவுஸ்நோட்றூஃப்’ எனப்படும் வீட்டு அவசர அழைப்பு ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது. கழுத்திலோ கையிலோ அணியும் ஒரேயொரு பொத்தான். குளிக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை, இரவில் மின்னேற்ற வேண்டியதில்லை. அழுத்தினால் மறுமுனையில் ஒரு மனிதர் பேசுவார். வீட்டுத் திறப்பையும் முன்கூட்டியே ஒப்படைத்து வைக்கலாம். பராமரிப்புத் தரம் வழங்கப்பட்டுத் தனித்து வாழ்பவராயின் பராமரிப்புக் காப்புறுதி மாதக் கட்டணத்துக்கு உதவித்தொகை தருகின்றது. இப்படியொன்று உள்ளதென்பது எமது முதியவர்களில் பலருக்குத் தெரியாது. விண்ணப்பப் படிவம் யேர்மன் மொழியில் இருக்கின்றது. பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்தால் அரை மணித்தியாலத்தில் நிரப்பிவிடலாம்.