பெயர் வைத்தவர்களும் பெயர் பெறாதவர்களும்

மாலையில் பெங்களூரிலிருந்து புறப்படும் மாரிகுப்பம் ரயிலில் ஏறி, பக்கத்தில் நிற்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். 'கே.ஜி.எஃப்' (கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்) என்பார். அவருடைய சீசன் டிக்கெட்டில் அந்தப் பெயர் இருக்காது. மாரிகுப்பம், உரிகம், கோரமண்டல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவர் வீட்டு வரி கட்டுவது ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்கு. ஓட்டுப் போடுவது கோலார் தங்க வயல் தொகுதியில். ஓர் ஊருக்கு ஏன் இத்தனை பெயர்? தங்கம் யாருடையதாக இருந்ததோ, பெயர் வைக்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. அதனால்தான்.

1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் இங்கே வந்தபோது உரிகமும் மாரிகுப்பமும் சிற்றூர்கள். அவ்வூர் மக்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகு மைன்களுக்கு மைசூர், நந்திதுர்க், சாம்பியன் ரீஃப் என்று பெயர்கள் விழுந்தன. சுரங்கப் பகுதியின் நெரிசலைக் குறைக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பேட்டைக்கு, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த சர் டொனால்டு ராபர்ட்சனின் பெயரைச் சூட்டினார்கள். மேலே மட்டுமா? பூமிக்குள் இறங்கும் ஷாஃப்டுகளுக்கும் கிஃபோர்டு, ஹென்றி, எட்கர் என்று வெள்ளைக்காரப் பெயர்கள்தாம். அந்த ஷாஃப்டுகளில் கேஜ் ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலானோர் வடஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து வந்த கூலிகள்.

அவர்கள் குடியிருந்த இடங்களுக்கு 'லைன்' என்று பெயர். தகரமும் தட்டியும் கொண்டு வரிசையாகப் போட்ட குடிசைகளைச் சுட்டும் சொல் அது. அதிகாரி பெயரில் பேட்டை, கூலிக்கு லைன். சொந்தமாகக் காணி நிலம் இல்லாதவர்கள் வந்து சேர்ந்த ஊருக்குத் தமிழில் 'தங்க வயல்' என்று பெயர் அமைந்ததை என்னவென்று சொல்வது!

பெயரை மாற்றினால் இந்தக் கணக்கு நேராகிவிடுமா? பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மைசூர் கமிஷனராக இருந்த லூயின் பெந்தாம் பௌரிங் பெயரால் அமைந்த பௌரிங்பேட்டை, பின்னர் பங்காருபேட்டை ஆனது. பங்காரு என்றால் தங்கம். தங்க வயலுக்குப் போகும் கிளைப்பாதை பிரிகிற ஜங்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஓசையும் பழைய பெயரை ஒட்டியே இருந்தது. ஜனங்களின் நாக்கு தடுமாறவில்லை. ஆனால் சென்னையில் அண்ணா சாலை ஆகி இத்தனை காலம் கடந்தும் மவுண்ட் ரோடு வழக்கொழியவில்லை. அரசாணையால் பலகையை மாற்றலாம். வழக்கை மாற்ற முடியாது.

ஆகவே ராபர்ட்சனின் பெயரை எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. இங்கே யார் ஆண்டார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. நாளை அங்கே இன்றைய அரசியல்வாதி ஒருவரின் பெயர் ஏறினால், ஒரு ரெசிடென்டுக்குப் பதில் இன்னொரு ரெசிடென்ட், அவ்வளவுதான்.

நம் கேள்வி வேறு. இந்த ஊரை ஊராக்கியவர்களின் பெயர்கள் எங்கே? அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் வேரூன்றியது. அவர் மறைவுக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழ், 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்துதான் மீண்டும் வெளிவந்தது. பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் கூடிப் படித்து, விவாதித்து, நூல்களை அச்சிட்ட ஊர் இது. 1946 நவம்பரில் போராடிய தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்குத் தங்க வயலில் நினைவிடம் உண்டு; ஆண்டுதோறும் அஞ்சலியும் உண்டு. துப்பாக்கிக்கு இரையானவர்கள் ஆறு பேர். 3 கிலோமீட்டருக்கும் கீழே, 'ஏர் பிளாஸ்ட்' என்று தொழிலாளர்கள் சொன்ன பாறை வெடிப்பில் சிக்கி, வீடு திரும்பாமல் போனவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் வெளியே போனது. மிச்சம் சைனைடு கழிவு மேடுகள். பிறகு சினிமா வந்தது. 'கே.ஜி.எஃப்' படம் நராச்சி என்ற கற்பனைச் சுரங்கத்தைக் காட்டி ஊரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. அந்தப் பெயரை அறிந்தவர்கள் பெருகினார்கள், ஊரை அறிந்தவர்கள் பெருகவில்லை.

நகரசபை செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிய சர்க்கிளுக்கோ பூங்காவுக்கோ பெயர் வைக்கும்போது லைன்வாசிகளைக் கூட்டிக் கேட்கட்டும். பழைய பெயர் ஒவ்வொன்றின் கீழும், அது யாருடைய பெயர், எப்போது வந்தது என்று தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு வரி எழுதி வைக்கட்டும். ஷாஃப்டுகள் நின்ற இடங்களில் கிஃபோர்டு, எட்கர் பெயர்கள் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே, அந்தக் குழிகளில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறியுங்கள். கம்பெனி ஏடுகளைப் புரட்டினால் கிடைக்கும் பெயர்கள் சில. மீதியைக் கேட்டு எழுத லைன்களில் இன்னும் கிழவிகள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.