தள்ளுவண்டிக்கு இரவில் ஓர் இடம் வேண்டும்

தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வார்டிலும் தள்ளுவண்டிகள் இரவில் நிற்பதற்குச் சமதளமான ஓர் இடம் ஒதுக்க வேண்டும். வண்டிக்காரர்கள் எங்கே விற்கலாம், எங்கே விற்கக் கூடாது என்று நிறையப் பேசுகிறோம். விற்று முடித்த பிறகு அந்த வண்டி எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

தாம்பரம் மின்ரயில் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சக்கரம், அச்சு, பேரிங் என்றே காலம் போனது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு தம்பதி, வேளச்சேரி சாலைப் பக்கம் இட்லி, தோசை வண்டி போடுகிறார்கள். சாயங்காலம் வண்டி கிளம்பும்போதும் இரவு திரும்பும்போதும் நானும் பிடித்துத் தள்ளுவேன்.

அந்த வண்டியில் வணிக சிலிண்டர் இருக்கிறது. உள்ளே எரிவாயு மட்டும் 19 கிலோ. இரும்போடு சேர்த்தால் 35 கிலோவைத் தாண்டும். தோசைக்கல், அடுப்பு, மாவுப் பாத்திரம், 20 லிட்டர் தண்ணீர் கேன்கள், தகரக் கூரை என்று பாரம் ஏறிக்கொண்டே போகும். இத்தனையையும் நான்கு சைக்கிள் சக்கரங்கள் சுமக்கின்றன. முன் அச்சும் பின் அச்சும் அசையாதவை. கார் மாதிரி ஒடித்துத் திருப்ப ஸ்டியரிங் கிடையாது. நேராகப் போகும், நேராகப் பின்னால் வரும், அவ்வளவுதான்.

திருப்புவது எப்படி என்பதை அந்த அம்மாவைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். கைப்பிடியை இரண்டு கையாலும் கீழே அழுத்துவார். முன்சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழும்பும். அந்த ஒரு நொடியில் பின்சக்கரங்களின் மேலேயே வண்டியைச் சுழற்றி இறக்கிவிடுவார். இதற்காகத்தான் சிலிண்டரும் கேனும் எப்போதும் பின் அச்சுக்கு மேலேயே இருக்கும். பாரம் முன்னால் போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் முன்பக்கம் எழும்பாது. சக்கரத்தைத் தரையோடு இழுத்துத்தான் திருப்ப வேண்டும், கம்பிகள் கோணிக்கொள்ளும். பள்ளியில் படிக்கும் நெம்புகோல் பாடம் முழுவதும் அவர் கையில் இருக்கிறது.

மேடு ஏறுவதிலும் முறை இருக்கிறது. வடிகால் மூடியின் விளிம்பில் வண்டியை நேராக மோதவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறியாக வேண்டும், நெஞ்சு அடைத்துவிடும். கொஞ்சம் கோணலாகக் கொடுத்தால் முதலில் ஒரு சக்கரம் ஏறும், பிறகு மற்றது. இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். நின்றதும் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் கையை எடுக்கலாம். “அண்ணே, கல்லு வச்சாச்சான்னு பாத்துட்டுச் சொல்லுங்க” என்று தினமும் கேட்பார். பணிமனையிலும் இதே விதிதான். நிற்கும் பெட்டிக்கு ஆப்பு வைக்காமல் யாரும் அடியில் போக மாட்டோம்.

கிளம்புவதற்கு முன் ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும், கடாயில் இருக்கும் சூடான எண்ணெயை வடித்துத் தனியாக வைக்க வேண்டும். ராத்திரி களைப்பிலும் அவர்கள் இதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

இத்தனை திறமைக்கும் தெரு இடம் கொடுக்க வேண்டுமே. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கார் ஏற வசதியாக வாசல் ஸ்லோப்பைத் தெருவுக்குள் நீட்டுகிறார்கள். ஒரு பக்கச் சக்கரங்கள் ஸ்லோப்பின் மேலும் மறுபக்கச் சக்கரங்கள் தரையிலுமாகப் போகும்போது உயரமான வண்டி சாய்கிறது. மாவுப் பாத்திரம் நகர்கிறது. ஸ்லோப்பைத் தவிர்த்து நடுவில் வரலாம் என்றால் எதிர்ப்பக்கம் பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. சந்துக்குள் நுழையும் இடத்தில் சாலைக்கும் வடிகால் மூடிக்கும் ஒரு சாண் உயர வித்தியாசம். மூடிகளுக்கு நடுவே சக்கரம் மாட்டும் அளவுக்கு இடைவெளி. இரவு 11 மணிக்கு மேல் அந்த இடத்தில்தான் அவர்களின் உடம்பு முறிகிறது.

சாலை மட்டம் உயர்ந்துகொண்டே போனதும் இதற்குக் காரணம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அறிவுறுத்தினார். வீடுகளுக்குள் மழைநீர் புகுவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. சக்கரத்தைக் கையால் தள்ளுகிற எவருக்கும், சக்கர நாற்காலியில் போகிறவருக்கும்கூட, அதில் நன்மை இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் அதைக் கறாராகப் பின்பற்ற வேண்டும்.

சட்டமும் வியாபாரிகள் பக்கம் இருக்கிறது. 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்தச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அந்தப் பெண்கள் குழுவில் உட்காரும்போது விற்கும் இடத்தோடு வண்டி நிற்கும் இடத்தையும் பேச வேண்டும் என்பது என் ஆசை. 2020-ல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் கிடைத்தது. சரக்குக்குப் போக மீதி இருந்தால் சக்கரத்துக்குச் செலவிடுங்கள் என்று வண்டிக்காரர்களிடம் நான் சொல்வதுண்டு. பார்க்க அழகாக இருக்கிறதென்று சின்னச் சக்கரம் போட்ட வண்டியை வாங்காதீர்கள். சின்னச் சக்கரம் ஒவ்வொரு இடைவெளியிலும் மாட்டும். பெரிய சக்கரம்தான் மேட்டில் சுலபமாக ஏறும்.

நடைபாதையை வண்டிகள் அடைத்துக்கொள்கின்றன என்று நடப்பவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் வயதாகிறது, நானும் நடக்கிறவன்தான். ஆனால் இரவில் வண்டியைக் கம்பத்தோடு சங்கிலி போட்டு நடைபாதையிலேயே விட்டுப்போவது வேறு இடமில்லாததால்தான். இரவு நிறுத்தம் வந்தால் காலையில் நடைபாதை நடப்பவர்களுக்கே கிடைக்கும்.

பெரிய செலவு தேவையில்லை. விற்கும் இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள், தண்ணீர் தேங்காத சிமென்ட் தளம். உள்ளே நுழைய நீளமான, மெதுவான சரிவு. வண்டியைச் சுழற்ற நடுவில் கொஞ்சம் வெட்டவெளி. சங்கிலி பூட்ட வளையம், ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய். சிலிண்டர் அங்கே வைக்கக் கூடாது என்ற கண்டிப்பு. காலை முதல் மாலை வரை அதே தளத்தில் பிள்ளைகள் விளையாடலாம்.

2022 முதல் தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகளுக்கு விதிகள் இருக்கின்றன. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் நடக்கும்போது இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். உங்கள் தெருவில் வண்டி தள்ளுகிறவரையும் கூடவே அழைத்துப் போங்கள். எந்த மூடியில் சக்கரம் மாட்டுகிறது என்று பொறியாளரிடம் அவரே சொல்லட்டும்.