ஆறின காற்றே அமிர்தம்!

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம் அல்லவா? டர்போ பொருத்திய மோட்டார் காரிடம் இந்தப் பழமொழி செல்லாது. அதற்கு ஆறின காற்றுத்தான் அமிர்தம்!

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும். டர்போவும் ஒரு பம்புதான். யந்திரம் கக்கும் புகையின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. 30 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், சூடு ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று பரந்து நிற்கும். அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். அது மட்டுமா? தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்பே பெட்ரோல் தானாக வெடித்து, பிஸ்டனையே உடைத்துவிடலாம். அதை 50 டிகிரிக்கு ஆற்றி அனுப்பினால், சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அடங்கும், பிஸ்டனும் பிழைக்கும். இப்படி ஆற்றித் தரும் சாதனந்தான் இன்டர்கூலர்.

யந்திரம் முன்னால் இருக்கும் காரில் அதிகக் கவலை இல்லை. மூக்கில் மாட்டிவிட்டால் எதிர்க்காற்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆசனத்துக்குப் பின்னே யந்திரம் குடியிருக்கும் கார்களில்தான் சங்கடம். டொயோட்டாவின் எம்.ஆர்.2 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 முதல் 1999 வரை வந்த அதன் இரண்டாம் தலைமுறையில் டர்போ வகையும் உண்டு. பக்கவாட்டிலுள்ள துவாரத்தின் வழியே காற்று புகுந்து, சிறிய இன்டர்கூலரை ஆற்ற வேண்டும். தொழிற்சாலை கொடுத்த சக்திக்கு அது போதும். சக்தியைக் கூட்ட ஆசைப்பட்டால் போதாது. அந்தக் கார்களில் மிக இளையதற்கும் இன்று வயது கால் நூற்றாண்டுக்கு மேல். யந்திரம் பாழானால் மாற்று கிடைப்பது எளிதல்ல. ஆகவே தேர்வு சரியாக அமைய வேண்டும்.

குழந்தைக்குப் பாலை எப்படி ஆற்றுகிறீர்கள்? விசிறி ஆற்றலாம்; அல்லது அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பால் கிண்ணத்தை அதில் வைக்கலாம். இன்டர்கூலரிலும் இந்த இரண்டு வழிகளே!

முதலாவது, காற்றாலே ஆற்றுவது. பம்ப் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒழுகும் பயமும் இல்லை. 1987-ல் வந்த பெராரி எப்40, இரண்டு டர்போவுக்கு இரண்டு இன்டர்கூலர் வைத்து இந்த வழியில்தான் சென்றது. ஆனால் காற்று தாராளமாக வர வேண்டும், வந்த காற்று வெளியேறவும் வேண்டும். பெரிய இன்டர்கூலரைப் பின்பக்கச் சாமான் அறையில் வைத்து மின்விசிறி பூட்டுகிறவர்களும் உண்டு. சாமான் வைக்க இடம் போய்விடும். காரின் மூக்குவரை காற்றுக் குழாயை நீட்டினாலோ, வழியிலேயே அழுத்தம் குறையும். மிதித்தவுடன் கார் பாயாமல் யோசிக்கும்.

இரண்டாவது, தண்ணீராலே ஆற்றுவது. எடைக்கு எடை பார்த்தால், காற்றைப்போல் நான்கு மடங்கு சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். யந்திரத்தின் அருகே சிறிய பெட்டி, முன்னால் ஒரு தனி ரேடியேட்டர், நடுவே குழாயும் பம்பும். காற்று செல்லும் பாதை குறுகிவிடுகிறது. 1989-ன் லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ எஸ்.இ.யில் இந்த ஏற்பாடுதான். 1994-ல் வந்த டொயோட்டா செலிக்கா ஜி.டி.-போரிலும் இதே முறை, எம்.ஆர்.2-வின் யந்திரக் குடும்பமே அதிலும் இருப்பதால், அந்தச் சாதனத்தைக் கழற்றி இதில் பொருத்துகிறவர்கள் உண்டு. குறை என்ன? பாத்திரத்துத் தண்ணீரும் மெல்ல மெல்ல வெந்நீராகும் அல்லவா? முன் ரேடியேட்டர் சிறிதானால் இங்கும் அதே கதி. பம்ப் நின்றாலோ, கேட்கவே வேண்டாம். இன்னொன்று: யந்திரத்தின் 90 டிகிரி தண்ணீரை இதனுடன் சேர்க்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தா பாலை ஆற்றுவது?

அப்படியானால் எது நல்லது? முதலில், காற்று யந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு வெப்பமானியை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளக்காமல் வாங்குவது, அரிசிப் பானையைப் பார்க்காமல் கடைக்குப் போவதைப் போன்றது. சக்தியைக் கொஞ்சம் மட்டும் கூட்டுவதானால், பக்கவாட்டிலேயே சற்றுப் பெரிய இன்டர்கூலரை வைத்து, துவாரத்திலிருந்து வரும் காற்று சந்து பொந்தில் நழுவாதபடி தகடு அடைத்தாலே பாதி வெற்றி. நகரத்து நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்கும், திடீர் திடீரென்று சில விநாடி பாய்கிறவர்களுக்கும் தண்ணீர் வழி பொருந்தும். பந்தயப் பாதையில் விடாமல் சுற்றுகிறவர்கள் தண்ணீரை நாடினால், முன் ரேடியேட்டரில் கஞ்சத்தனம் கூடாது.

பெரிதாக இருந்தால் நல்லதென்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டி விடாதீர்கள். “ஆற்றுகிறது சரி, அழுத்தம் எவ்வளவு குறையும்?” என்று ஒரு கேள்வி போடுங்கள். அதற்குக் கணக்கோடு பதில் சொல்கிறவரிடம் மட்டும் பணப்பையைத் திறக்கலாம்!