நோய் குறைவு என்று பெருமைப்படுகிறோம், மவுத்தை எண்ணிப் பார்த்தோமா?



போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குறூப் ஒன்றில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "எயிட்ஸ் எல்லாம் ஆபிரிக்காக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் வாற வருத்தம். அரபு நாடுகளைப் பாருங்க, அங்க இல்லவே இல்லை." கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்". நானும் அந்தக் குறூப்பில்தான் இருக்கிறேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஐ.நா.வின் எயிட்ஸ் அமைப்பு 2023ஆம் ஆண்டுக்குக் கொடுத்த மதிப்பீட்டின்படி, மத்திய கிழக்கிலும் வட ஆபிரிக்காவிலும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 10 ஆயிரம் பேர். ஆபிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் 2 கோடியே 8 இலட்சம்.

மறுபாதியை அவர் சொல்லவில்லை. அதே ஆண்டில் எயிட்ஸால் இறந்தவர்கள் அரபுப் பக்கத்தில் சுமார் 6,200 பேர். ஆபிரிக்காவின் அந்தப் பகுதியில் சுமார் 2 இலட்சத்து 60 ஆயிரம் பேர். இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற வகுத்தல் கணக்கைப் போடுங்கள். ஆயிரம் நோயாளிகளில் ஒரு வருடத்தில் எத்தனை பேர் இறக்கிறார்கள்? ஆபிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் 12 அல்லது 13. மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 6 பேர் அளவில். நாம் "இல்லவே இல்லை" என்று பெருமைப்படுகிற பக்கத்தில் கிட்டத்தட்ட 30.

வைரஸ் ஒன்றுதான். குளிசையும் ஒன்றுதான். நேரத்தோடு கண்டுபிடித்து நாள் தவறாமல் குளிசை போடுகிறவர் மற்றவர்களைப் போலவே வயது போகும்வரை வாழலாம். இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தால், உறவின் மூலம் துணைக்கும் தொற்றாது. அப்படியென்றால் ஏன் இந்த வித்தியாசம்? அங்கே நோய் உள்ளவர்களில் பாதிப்பேர் அளவில்தான் மருந்து எடுக்கிறார்கள். மற்றப் பாதிக்கு நோய் இருப்பதே தெரியாது, அல்லது தெரிந்தும் வெளியே வரப் பயம்.

இது முஸ்லிம்களின் குறை என்று யாரும் துள்ளவும் வேண்டாம். ரஷ்யாவும் அதைச் சுற்றிய நாடுகளும் உள்ள பகுதியில் 2010க்குப் பிறகு எயிட்ஸ் மரணம் கூடியிருக்கிறது. போதை ஊசி போடுகிறவனைக் குற்றவாளியாக மட்டுமே பார்த்தார்கள். அவனை ஊசியிலிருந்து மீட்கிற மெதடோன் சிகிச்சைக்கே ரஷ்யாவில் தடை. பொட்ஸ்வானா 2002இலேயே அரச செலவில் மருந்து கொடுக்கத் தொடங்கியது. பக்கத்து நாடான தென்னாபிரிக்காவில், எயிட்ஸுக்கு இந்த வைரஸ்தானா காரணம் என்று ஜனாதிபதி உம்பெக்கியே சந்தேகம் கிளப்பினார், மருந்து தாமதமானது. 2000 முதல் 2005 வரை அந்தத் தாமதம் 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மவுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தலைவர்களும் சமூகமும் நடந்துகொள்கிற விதம்தான்.

"ஹராமைச் செய்தவனுக்கு என்ன இரக்கம் சேர்?" என்று கேட்பவர்கள் இருக்கிறீர்கள். புருஷன் மூலம் தொற்றிய மனைவி என்ன ஹராம் செய்தாள்? வயிற்றில் இருந்த பிள்ளை என்ன செய்தது? சரி, ஒருவர் தப்பே செய்திருக்கட்டும். வட்டிலப்பம் சாப்பிட்டுச் சீனி கூடினவருக்கு மருந்து கொடுக்காதே என்று எந்தக் கிளினிக் வாசலிலாவது போய் நிற்கிறோமா? கபுறில் கேட்கப்படுகிற கேள்விகளை ஆஸ்பத்திரி வரிசையில் கேட்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் அடுத்தவர் குறையை மறைப்பதும் நமக்குச் சொல்லித்தந்த மார்க்கம் இல்லையா?

உகண்டாவின் இஸ்லாமிய மருத்துவச் சங்கம் தொண்ணூறுகளிலேயே இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிவாசல்கள் வழியாக எயிட்ஸ் பற்றிப் பேச வைத்தது. அவர்களுடைய மார்க்கம் வேறு, நம்முடைய மார்க்கம் வேறா?

நம்ம வீடுகளுக்கு வருவோம். வளைகுடாவுக்குப் போகிற நம்ம பிள்ளைகள் மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். அங்கே போன பிறகு நோய் தெரியவந்தால் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அப்படி வருகிற ஒருவருக்கு இங்கே அரச கிளினிக்கில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கைக்குச் சான்று தந்தது. நாட்டிடம் மருந்து இருக்கிறது. ஆனால் அவர் கிளினிக்குக்குப் போகும் வழியில் நம்முடைய வாய் இருக்கிறது. யாராவது கண்டால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. அதற்குப் பயந்து வீட்டிலேயே கிடந்து, கடைசியில் "காய்ச்சல்" என்று மவுத்தானால், நாமே போய் ஜனாஸா தொழுதுவிட்டு வருவோம்.

நான் படிக்கும்போது அந்தப் பாடம் வந்ததும் எங்கள் சேர் "இதை வீட்டில வாசியுங்க" என்று பக்கத்தைப் புரட்டினார். வாசித்தவர் யாரும் இல்லை. இந்த முறை என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்: "எயிட்ஸ் வந்தா மவுத்துதானே சேர்?" இருபது வருடம் போயும் கேள்வி மாறவில்லை. நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

ஆசிரியர்களே, நீங்களும் புரட்டாதீர்கள். கதீப்மார்களே, வருடத்தில் ஒரு ஜும்ஆவை இதற்குத் தாருங்கள். குறூப் அட்மின்மாரே, அந்தக் குரல் பதிவு திரும்ப வந்தால் அதற்குக் கீழே இந்தக் கணக்கைப் போடுங்கள்: ஆயிரத்துக்கு 13, ஆயிரத்துக்கு 30. அதற்கும் யாராவது "மாஷா அல்லாஹ்" சொல்கிறார்களா பார்ப்போம்.